சுபாங்கின் எண்பது லட்சம்: ஒரு துணை விமான நிலையத்தின் வளர்ச்சிக் கணக்கு

கேள்வி

2024 ஆகஸ்ட் 1 அன்று கோலாலம்பூரின் பழைய விமான நிலையமான சுபாங்கில் வழக்கமான பயணச் சேவைக்கான ஜெட் விமானங்கள் மீண்டும் இறங்கத் தொடங்கின. அதற்கு முன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த ஓடுபாதை விசிறி சுழலும் ஏடிஆர் விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் செல்வந்தர்களின் தனி விமானங்களுக்கும் விடப்பட்டிருந்தது. மலேசிய அமைச்சரவை 2023 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்த புத்துயிர்த் திட்டத்தின்படி, ஆண்டுக்கு 15 லட்சம் பயணிகளைக் கையாளும் முனையம் முதலில் 30 லட்சத்துக்கும், 2030-இல் 80 லட்சத்துக்கும் விரிய வேண்டும்.

குறைந்த கட்டண நிறுவனமான ஏர்ஏஷியா 2024 ஆகஸ்ட் 30 அன்று கோத்தா கினபாலுவுக்கும் கூச்சிங்குக்கும் சுபாங்கிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 ஏப்ரல் 7 அன்று வெளியேறியது. எட்டு மாதம்கூட ஆகவில்லை. சேவைகளைக் கோலாலம்பூரின் முதன்மை நிலையமான கேஎல்ஐஏ-வின் இரண்டாம் முனையத்தில் ஒருமுகப்படுத்துகிறோம் என்று காரணம் சொன்னது.

பெருநகரின் துணை விமான நிலையம் எதனால் வளர்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்ற பொதுக் கேள்விக்குச் சுபாங் நல்லதொரு சோதனைக் களம். முனையம் பெரிதானால் கூட்டம் வரும் என்பது திட்ட ஆவணங்களின் அடிப்படை நம்பிக்கை. அதை இக்கட்டுரை ஏற்கவில்லை. சுபாங்கின் உச்சவரம்பை முனையமோ ஓடுபாதையோ தீர்மானிப்பதில்லை என்பதும், விமான நிறுவனங்களின் உள்கணக்கும் அரசின் அனுமதியுமே தீர்மானிக்கின்றன என்பதும் என் வாதம்.

பழைய வாசல்

சுபாங் 1965 ஆகஸ்ட் இறுதியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் தலைநகரின் விமான நிலையம் சுங்கை பீசியில் இருந்தது. சுபாங்கின் ஓடுபாதை 3,780 மீட்டர் நீளம். எவ்வளவு பெரிய விமானத்துக்கும் போதும். முதல் முனையத்தின் குடைக்காளான் வடிவத் தூண்கள் புதிய நாட்டின் நவீனக் கட்டடக் கலைக்கு அடையாளமாகப் பேசப்பட்டன. 2003-இல் அந்த முனையம் இடிக்கப்பட்டது. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பல் 1980-களின் நடுவில் நின்றுபோன பிறகு, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் ஊருக்குப் புறப்பட்டதும் இந்த வாசலிலிருந்துதான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வழியனுப்ப வந்த கூட்டம் பார்த்த சுபாங் அது. இன்றைய முனையத்தில் அதன் சுவடு இல்லை.

1998 ஜூன் இறுதியில், நகர மையத்திலிருந்து ரயில் வழியில் 57 கிலோமீட்டர் தள்ளி, சிப்பாங்கின் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கேஎல்ஐஏ திறக்கப்பட்டது. சுபாங்கோ மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். கோலாலம்பூரையும் சிலாங்கூரின் நகர்ப்புறங்களையும் சேர்த்தால் 80 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்தப் பரப்பில், வாங்கும் சக்தி மிகுந்த பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலம் மூன்றும் சுபாங்கை ஒட்டியே இருக்கின்றன.

ஆய்வாளர்கள் சொல்வது

ஒரே பெருநகரில் பல விமான நிலையங்கள் இயங்கும் முறை பற்றி அதிகம் எழுதியவர் எம்ஐடி பேராசிரியர் ரிச்சர்ட் டி நியூஃப்வில். விமான நிறுவனங்கள் குவிவதையே விரும்புகின்றன என்பது அவருடைய மையக் கருத்து. ஒரு வழித்தடத்தில் யார் அதிகமான வேளைகளில் பறக்கிறாரோ அவருக்கு, அந்த எண்ணிக்கையின் விகிதத்தைவிடக் கூடுதலான பயணிகள் வந்து சேர்கிறார்கள். பத்துச் சேவைகளை இரண்டு நிலையங்களுக்கு ஐந்தைந்தாகப் பிரித்தால் இரண்டு இடத்திலும் அந்த ஈர்ப்பு குறைந்துவிடும். ஆகவே நகரிலிருந்தே பயணத்தைத் தொடங்குவோரின் தொகை மிகப் பெரிதாகும் வரை துணை நிலையம் நிலைப்பதில்லை. நிலைத்தாலும் அதன் போக்குவரத்து மேலும் கீழும் கடுமையாக ஆடும். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவின் துணை நிலையமான ஓக்லாந்து இதற்குக் கண்கண்ட சாட்சி. 2007-இல் ஏறத்தாழ 1.46 கோடிப் பயணிகளைக் கண்ட அது, இரண்டே ஆண்டுகளில் ஒரு கோடிக்குக் கீழே போனது. 2008 வசந்தத்தில் அங்கு பறந்த சில நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடின. சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவின் முதன்மை நிலையத்துக்குள் மீண்டும் நுழைந்தது. பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது.

பான்ஃபாய், ஹான்ஸ்மன் இருவரும் 2005-இல் வெளியிட்ட எம்ஐடி ஆய்வு இன்னொரு கோணத்தைச் சேர்த்தது. முதன்மை நிலையம் நெரிசலில் திணறும்போது குறைந்த கட்டண நிறுவனம் ஒன்று துணை நிலையத்தில் காலூன்றுகிறது, கட்டணம் சரிகிறது, பயணிகள் பெருகுகிறார்கள், அதைப் பார்த்து மற்றவர்களும் வருகிறார்கள்.

இந்த விளக்கங்களைச் சுபாங்கின் மீது அப்படியே பொருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. இவற்றில் பெரும்பகுதி, நகருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் நிலையங்களை மனத்தில் வைத்து உருவானது. லண்டனின் ஸ்டான்ஸ்டெட், பாரிஸின் போவே போன்றவை தூரத்தைக் கொடுத்துக் கட்டணக் குறைவை வாங்குகின்றன. சுபாங் வேறு இனம். புதிய பெருநிலையம் ஊருக்கு வெளியே போன பின்பும் நகருக்குள் உயிர் தப்பி நிற்கும் பழைய நிலையம் அது. பாங்காக்கின் டோன் முவாங், சியோலின் கிம்போ, மிலானின் லினாத்தே, டல்லஸின் லவ் ஃபீல்ட் ஆகியவை இதன் உறவினர்கள். இவை விற்பது நேரத்தை.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. முதன்மை நிலையம் நிரம்பி வழிவதால் துணை நிலையம் வளர்கிறது என்ற விளக்கம் கோலாலம்பூருக்குப் பொருந்தாது. கேஎல்ஐஏ-வின் இரு முனையங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 7.5 கோடிப் பேரைக் கையாள வல்லவை. பெருந்தொற்றுக்கு முந்தைய 2019-இல் வந்து போனவர்கள் ஏறத்தாழ 6.2 கோடி, 2024-இல் 5.7 கோடி. இடமில்லாமல் யாரும் சுபாங்குக்குத் தள்ளப்படவில்லை. சுபாங் தன் சொந்தக் கவர்ச்சியால்தான் பயணியை இழுத்தாக வேண்டும்.

எண்பது லட்சத்தின் கணக்கு

இலக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 72 இருக்கை ஏடிஆர் விமானம் 80 விழுக்காடு நிறைந்து பறப்பதாகக் கொள்வோம். 80 லட்சம் பேரை அதில் ஏற்றி இறக்க ஒரு நாளைக்கு ஏறத்தாழ 380 புறப்பாடு–தரையிறக்கங்கள் வேண்டும். நடக்கிற காரியமில்லை. 180 இருக்கை ஜெட் என்றால் இது 150 அளவுக்கு இறங்கும். பகல் 16 மணி நேரத்தில் பரப்பினால் மணிக்குப் பத்துக்கும் குறைவு. ஒற்றை ஓடுபாதை கொண்ட லண்டனின் கேட்விக் 2019-இல் 4.6 கோடிப் பயணிகளைக் கையாண்டது. ஆக, ஓடுபாதை தடையே இல்லை.

தடை எங்கே என்றால் விமானங்களில் இருக்கிறது. நாளொன்றுக்கு 75 ஜெட்கள் புறப்பட வேண்டும். ஒரு விமானம் நாளுக்கு மூன்று நான்கு முறை போய்த் திரும்பும் என்றால், சுபாங்கையே இரவுத் தங்குமிடமாகக் கொண்ட இருபதுக்கு மேற்பட்ட ஜெட்கள் தேவை. மலேசியாவில் எந்த நிறுவனம் தன் அணியில் இருபது ஜெட்களைப் பிரித்துச் சுபாங்கில் நிறுத்தும்? திட்டத்தின் உண்மையான கேள்வி இதுதான். முனையத்தின் சதுர மீட்டர்களைப் பற்றி நடக்கும் விவாதத்தில் இது அநேகமாக எழுவதே இல்லை.

பிரித்து நிறுத்துவதன் செலவு வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தெரியாது. சுபாங்கில் காலை ஏழு மணிக்குக் கூச்சிங் புறப்பட வேண்டிய விமானத்தில் நீரியல் குழாய் ஒன்று கசிவதாக வைத்துக்கொள்வோம். சிப்பாங்கில் என்றால் பக்கத்து நிறுத்தத்தில் மாற்று விமானம் இருக்கும், ஆயத்தமாக விமானிகள் இருப்பார்கள், உதிரிப்பாகக் கிடங்கு ஐந்து நிமிடத் தொலைவில் இருக்கும். சுபாங்கில் இரண்டே விமானம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அன்றைய நாள் முழுவதும் குலைந்துவிடும். மாற்று விமானம், ஆயத்தக் குழு, பொறியாளர், தரைப் பணியாளர் என்று எல்லாவற்றையும் இரட்டிப்பாக்க வேண்டும். அல்லது தாமதத்தைப் பயணியின் தலையில் கட்ட வேண்டும். குறைந்த கட்டணத் தொழில் முழுதும் இந்த இரட்டிப்பைத் தவிர்ப்பதில்தான் பிழைக்கிறது. அதற்கு மேல் இணைப்புப் பயணி வேறு. கூச்சிங்கிலிருந்து சென்னைக்குப் போகிறவரைச் சுபாங்கில் இறக்கிவிட்டால் அவர் பெட்டியோடு சிப்பாங்குக்குச் சாலை வழியாகப் போக வேண்டும். அவர் வேறு நிறுவனத்தைத் தேடுவார். ஏர்ஏஷியா வெளியேறியதை மனமாற்றம் என்று சொல்வதைவிட, கணக்கு முடிந்தது என்று சொல்வதே பொருத்தம்.

ஏடிஆர் மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு உயரலாம் என்பதற்கு டொராண்டோ தீவிலுள்ள பில்லி பிஷப் நிலையம் அளவுகோல். நகர மையத்தின் காலடியில், 2006 முதல் போர்ட்டர் நிறுவனத்தின் விசிறி விமானங்களால் வளர்ந்த அது, ஆண்டுக்கு 28 லட்சம் அளவில் நின்றது. ஜெட்டுக்கு அங்கு தடை. தடையை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை 2015-இல் கனடிய மத்திய அரசிடம் எடுபடவில்லை. போர்ட்டர் 2023-இல் தன் புதிய ஜெட்களை முதன்மை நிலையமான பியர்சனிலிருந்து இயக்கத் தொடங்கியது. வளர்ச்சி வந்தபோது அது பெரிய நிலையத்துக்குப் போனது. சின்ன நிலையம் தன் பழைய அளவோடு நின்றது.

நேரம் என்னும் சரக்கு

சுபாங்கின் ஒரே தனிச் சரக்கு நேரம் என்றால், அது எந்தப் பயணத்தில் விலைபோகும்? பெட்டாலிங் ஜெயாவில் வசிப்பவர் சுபாங்கைத் தேர்ந்தால், சாலையில் மட்டும் ஒரு வழிக்கு அரைமணி முதல் முக்கால் மணி நேரம் மிச்சப்படுத்தலாம். பினாங்குக்கு ஒரு மணி நேரப் பறப்பு. அதில் முக்கால் மணி மிச்சம் என்பது பெரிது. கோத்தா கினபாலுவுக்கு இரண்டரை மணிக்கு மேல் ஆகும் பயணத்தில் அதே மிச்சத்தின் மதிப்பு குறைந்துவிடுகிறது. அங்கே பயணி கட்டணத்தைப் பார்ப்பார். ஆகவே சபா, சரவாக் தடங்களில் ஜெட் பறப்பதால் சுபாங் வளரும் என்ற எதிர்பார்ப்பு, அதன் வலிமையை விட்டுவிட்டு வலுக்குறைவில் பந்தயம் கட்டுவது.

குறுந்தடத்திலோ போட்டியாளர் வேறொரு விமானம் அல்ல. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையும், பட்டர்வொர்த் வரை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் போய்விடும் இடிஎஸ் மின்ரயிலும்தான். அவற்றை வெல்ல நேரமிச்சம் வாசலிலிருந்து வாசல் வரை உறுதியாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் சுபாங்கின் சறுக்கல் கண்ணுக்கு நேரே தெரிகிறது. கேடிஎம் நிறுவனம் 2018 மே 1 அன்று கேஎல் சென்ட்ரலிலிருந்து சுபாங் முனையத்துக்கு ஸ்கைபார்க் லிங்க் ரயிலைத் தொடங்கியது. ஆள் ஏறவில்லை. 2023 பிப்ரவரி 15 அன்று சேவை நின்றது. நிலையத்தை ஐந்து மடங்குக்கு மேல் பெரிதாக்கும் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அதே மாதம்.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. சுபாங்குக்கு வருபவர் பக்கத்து நகர்களிலிருந்து சொந்தக் காரிலும் கிராப் வாடகைக் காரிலும் வருகிறார். கேஎல் சென்ட்ரல் அவர் வழியிலேயே இல்லை. யாருக்காக அந்த ரயில் போடப்பட்டது என்ற கேள்விக்கு விடை இல்லாமலே தண்டவாளம் போடப்பட்டது. 80 லட்சம் பேரும் காரிலேயே வருவார்கள் என்றால், முனையத்தை நோக்கிய சாலைகளில் காலை நெரிசல் அந்த அரைமணி மிச்சத்தைத் தின்றுவிடும். ஒரு கட்டத்துக்கு மேல், சுபாங்கின் வளர்ச்சியே சுபாங்கின் கவர்ச்சியைக் கரைக்கும். ஆரா டமன்சாரா, சுபாங் ஜெயா பக்கத்துக் குடியிருப்போர் இரைச்சலை முன்வைத்து எழுப்பும் எதிர்ப்பையும் இதனோடு சேர்த்தே எடைபோட வேண்டும். நிலையத்தின் வாடிக்கையாளரும் அதன் புகார்தாரரும் பெரும்பாலும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள்.

மறுமுனை

சுபாங்குக்கு ஏற்ற தடங்களில் முதலாவது சிங்கப்பூர். கோலாலம்பூர்–சிங்கப்பூர் தடத்தில் ஓராண்டில் 30,000-க்கு மேற்பட்ட விமானங்கள் பறந்ததாக 2018-இல் ஓஏஜி நிறுவனம் கணக்கிட்டது. உலகின் மிகப் பரபரப்பான பன்னாட்டுத் தடம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. இரு நகரங்களையும் இணைக்கவிருந்த அதிவேக ரயிலுக்கான ஒப்பந்தம் 2020 இறுதியில் காலாவதியானது. வணிகப் பயணி காத்திருக்கிறார், தடம் குறுகியது, சுபாங் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் விமானம் மறுமுனையில் இறங்க வேண்டுமே. நெரிசல் மிகுந்த முதன்மை நிலையமான சாங்கியிலிருந்து விசிறி விமானங்களைத் துணை நிலையமான சிலேத்தாருக்கு மாற்றச் சிங்கப்பூர் முடிவு செய்தபோது, அந்த மாற்றம் மலேசிய நிறுவனமான ஃபயர்ஃபிளையைத்தான் தொட்டது. சிலேத்தாரில் கருவி வழித் தரையிறக்க முறையை நிறுவினால் எதிர்க்கரையில் பாசிர் கூடாங்கின் மேம்பாட்டுக்குக் கட்டட உயரக் கட்டுப்பாடு வந்துவிடும் என்று மலேசியா எதிர்த்தது. 2018 டிசம்பர் 1 முதல் ஃபயர்ஃபிளையின் சுபாங்–சிங்கப்பூர் சேவை நின்றது. இரு நாட்டு அமைச்சர்கள் பேசி, அந்த முறையைச் சிங்கப்பூர் திரும்பப் பெற்ற பின்னர், 2019 ஏப்ரலில்தான் சிலேத்தாருக்குப் பறக்க முடிந்தது. துணை நிலையம் பற்றிய ஆய்வுகள் அதன் சொந்த நகரைப் பற்றியே பேசுகின்றன. அதன் மிகச் சிறந்த தடம் இன்னொரு நகரின் இன்னொரு துணை நிலையத்தையும், எல்லை தாண்டிய வான்வெளிப் பேரத்தையும் நம்பி நிற்பது அவற்றில் இடம்பெறுவதில்லை.

அனுமதியின் அரசியல்

சுபாங்கின் வரலாற்றை ஆண்டு வாரியாகப் படித்தால், அதன் ஏற்றமும் இறக்கமும் சந்தையைவிட அரசாணையைத்தான் பின்தொடர்கின்றன. 2000-களின் நடுவில் சுபாங்கைத் தன் குறைந்த கட்டணத் தளமாகக் கேட்டது இதே ஏர்ஏஷியாதான். அரசு மறுத்தது. கேஎல்ஐஏ வளாகத்திலேயே குறைந்த கட்டண முனையம் ஒன்று 2006 மார்ச்சில் திறக்கப்பட்டது. மறு ஆண்டே மலேசியா ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான ஃபயர்ஃபிளைக்குச் சுபாங்கில் இடம் கிடைத்தது, விசிறி விமானம் மட்டும் என்ற வரம்போடு. கேட்டவருக்கு இல்லை என்றதும் கேட்காதவருக்குக் கொடுத்ததும் அன்று பெரிய சர்ச்சையாயிற்று. இருபதாண்டு கழித்துக் கதவு திறந்தபோது ஏர்ஏஷியாவின் வேர் சிப்பாங்கில் ஆழ இறங்கிவிட்டிருந்தது. அனுமதிக்கும் ஒரு பருவம் உண்டு. அது கடந்தபின் கிடைக்கும் அனுமதி அதே பயிரை விளைவிப்பதில்லை.

வரம்பு விதிப்பது மலேசியாவின் தனி வழக்கமும் அல்ல. டல்லஸில் புதிய பெருநிலையத்தைக் காக்க, லவ் ஃபீல்டிலிருந்து மாநிலத்துக்குள்ளும் அண்டை மாநிலங்களுக்கும் மட்டும் பறக்கலாம் என்று 1979-இல் ரைட் திருத்தம் கட்டுப்படுத்தியது. 2014 அக்டோபரில் அது முழுதாக விலகியதும், 2013-இல் சுமார் 85 லட்சமாக இருந்த பயணிகள் 2015-இல் 1.45 கோடியைத் தொட்டனர். சுபாங்கின் ஆதரவாளர்கள் இதைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அங்கே சவுத்வெஸ்ட் தலைமையகத்தோடும் அணியோடும் பல பத்தாண்டுகளாக உட்கார்ந்திருந்தது. கதவு திறந்த அன்றே பறக்க விமானம் இருந்தது. டோன் முவாங்கும் அப்படியே. 2012 அக்டோபரில் தாய் ஏர்ஏஷியா தன் தளத்தை முழுமையாக அங்கு மாற்றியதுதான் 2019-இல் 4 கோடியைத் தாண்டிய வளர்ச்சிக்கு வித்து. பாதியை அங்கும் பாதியை இங்கும் வைத்த நிறுவனத்தால் அது நடக்கவில்லை.

எதிர்த்தரப்புக்கும் வலுவான சான்று இருக்கிறது. மிலானில் 1998-இல் மால்பென்சாவை மையமாக்க முயன்ற இத்தாலிய அரசு, நகருக்குள்ளிருந்த லினாத்தேயிலிருந்து விமானங்களை அகற்ற வகுத்த விதியை ஐரோப்பிய ஆணையம் ஏற்கவில்லை. லினாத்தே பிழைத்தது, அலித்தாலியா 2008-இல் மால்பென்சாவின் மையத்தைப் பெருமளவு கைவிட்டது. சுபாங் பெருத்தால் கேஎல்ஐஏ இளைக்கும் என்ற அச்சம் வெறுங்கற்பனை இல்லை. இந்தியாவில் இந்த அச்சம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. 150 கிலோமீட்டருக்குள் வேறு நிலையம் கூடாது என்ற ஷரத்தால் ஹைதராபாத்தின் பேகம்பேட்டும் பெங்களூரின் எச்ஏஎல் நிலையமும் 2008-இல் வழக்கமான பயணச் சேவைக்கு மூடப்பட்டன. சென்னையின் புதிய நிலையமாகப் பரந்தூர் எழும்பும் நாளில் மீனம்பாக்கம் என்னவாகும் என்ற கேள்வியை, சலுகை ஒப்பந்தத்தின் அந்த வகைப் பத்தியைப் படித்துப் பார்த்தே கேட்க வேண்டும்.

இரண்டு நிலையங்களும் ஒரே உரிமையாளரிடம் இருப்பது நல்லதா என்பதும் இதில் அடக்கம். சுபாங்கையும் கேஎல்ஐஏ-வையும் நடத்துவது மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனமே. பிரிட்டனில் ஒரே கையில் இருந்த லண்டன் நிலையங்களைப் பிரிக்கும்படி போட்டி ஆணையம் 2009-இல் உத்தரவிட்டது. ஸ்டான்ஸ்டெட் 2013-இல் மான்செஸ்டர் குழுமத்துக்கு விற்கப்பட்டது, புதிய உரிமையாளர் ரையன்ஏருடன் நீண்டகால ஒப்பந்தம் போட்டார், சுமார் 1.8 கோடியாக இருந்த பயணிகள் 2018-இல் 2.8 கோடியானார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுதுமே மலிவுப் பயணம் பெருகியது என்பதால் எல்லாப் பெருமையையும் உரிமை மாற்றத்துக்குக் கொடுக்க முடியாது. என்றாலும், இழக்க வேறு நிலையம் இல்லாத உரிமையாளர் வேறுவிதமாகப் பேரம் பேசுவார் என்பது வெளிப்படை. 2025-இல் மலேசியா ஏர்போர்ட்ஸைத் தனியுடைமையாக்கிய கூட்டணியில் உள்ள ஜிஐபி, ஒரு காலத்தில் கேட்விக்கையும் லண்டன் சிட்டியையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த முதலீட்டு நிறுவனம். நகருக்குள் இருக்கும் சிறிய நிலையத்தை நேர நெருக்கடியில் இருக்கும் பயணிகளுக்கு அதிக விலையில் விற்கும் கலை அதற்குத் தெரியும். அந்தக் கலையில் பயணிகள் எண்ணிக்கை முதல் அளவுகோல் இல்லை.

கொட்டகைகளின் பக்கம்

முனையத்துக்கு எதிர்ப்புறம் பார்த்தால் சுபாங் வேறு முகம் காட்டுகிறது. ஜிஇ நிறுவனத்தின் எஞ்சின் பழுதுபார்ப்புக் கூடம் அங்கே இருக்கிறது. ஏர்பஸ் ஏ320 இறக்கைப் பாகங்களைச் செய்யும் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் ஆலை 2009-இல் திறந்தது. 2025-இல் அதை வாங்க மலேசிய நிறுவனமான சிடிஆர்எம் ஒப்புக்கொண்டது. ஹெலிகாப்டர் பராமரிப்பும் தனி விமானச் சேவையும் அருகருகே நடக்கின்றன. இந்தத் தொழிலுக்குச் சுபாங் ஜெயாவின் தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர்கள் வேண்டும், நீண்ட ஓடுபாதை வேண்டும். பயணி நெரிசல் வேண்டாம். எஞ்சின் கூடத்துக்கு வரும் எஞ்சின் எந்த நிலையத்தில் இணைப்பு விமானம் கிடைக்கும் என்று கேட்பதில்லை. டி நியூஃப்வில் சொன்ன குவியும் விசை இங்கே சுபாங்குக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

ஆனால் நிலம் ஒன்றே. நகரம் நாலா பக்கமும் நெருக்கிவிட்ட வளாகத்தில் விரிவான முனையம், வாகன நிறுத்தம், ஜெட் நிறுத்தங்கள் ஆகியவற்றுக்கு விடும் ஒவ்வொரு ஏக்கரும் விமானப் பராமரிப்புக் கொட்டகைக்கு இல்லாமல் போகும். புத்துயிர்த் திட்டம் இரண்டையும் வாக்களிக்கிறது. என் மதிப்பீட்டில், இருபது ஜெட்களை ஒரே நிறுவனம் சுபாங்கில் கொண்டுவந்து நிறுத்தாத வரை, பயணிகள் எண்ணிக்கை பில்லி பிஷப்பின் அளவைச் சற்றே தாண்டி 30 முதல் 40 லட்சத்துக்குள் தங்கும். பினாங்குக்கு மணிக்கொரு விமானம், சிங்கப்பூருக்குக் காலையும் மாலையும் நெருக்கமான சேவை ஆகியவை அமைந்தால் அதுவே லாபமான நிலையம். 80 லட்சத்துக்கான கட்டடத்தை முன்கூட்டியே கட்டி அதன் கடனை அடைக்க நெடுந்தட ஜெட்களைத் தேடி அலைவதைவிட, முதற்கட்ட 30 லட்சத்தோடு நிறுத்தி மிச்ச நிலத்தைக் கொட்டகைகளுக்கு ஒதுக்குவது சரி. எந்த நிறுவனம் எத்தனை விமானங்களை இரவில் அங்கே நிறுத்துகிறது என்ற ஒரு எண்ணை ஆண்டுதோறும் பார்த்தால் போதும். திட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை, பயணிகள் புள்ளிவிவரம் வெளியாகும் முன்பே அது சொல்லிவிடும்.